வறண்ட ஏரியில் இறக்கிய விமானம்

எங்கள் வீட்டில் விமானம் ஓட்டுவது நான். ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில் ஏறினால் இடது பக்கமாகவே சாய்வேன். ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் இரண்டு எஞ்சின் பயணிகள் விமானத்தை மீனம்பாக்கத்தில் பூப்போல இறக்கிவிடுவேன். மகளின் ஆன்லைன் வகுப்புக்காகப் பழையதாக வாங்கிய கணினி அது. அவள் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு துணி மூடிக் கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் பொழுது போகாமல் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. ஒரகடத்தில் உதிரிபாகக் கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி எண்ணுகிறவளுக்கு ஆகாயத்தில் கொஞ்சம் வேலை இருந்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

வீட்டுக்காரருக்கு மெயின்டனன்ஸில் வேலை. அவருடைய கம்பெனியில் காருக்குத் தகடு அழுத்துகிற பெரிய பிரஸ் மெஷின்கள் உண்டு. எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலை. என் விளையாட்டில் அவருக்குச் சிரத்தை கிடையாது. "இன்னா பைலட்டம்மா, டீ இப்ப கெடைக்குமா, லேண்டிங் ஆனப்புறமா?" என்று கேட்டுவிட்டுப் போவதோடு சரி.

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் கொரியா போகும் வாய்ப்பு வந்தது. புது பிரஸ் வருகிறது, அதைப் பழகிக்கொண்டு வர ஆள் வேண்டும், திரும்பி வந்தால் அவர்தான் இன்சார்ஜ். தக்காளி விலை ஏறிவிட்டது என்பதுபோல ஒரு வாய் சோற்றுக்கு நடுவில் இதைச் சொன்னார். நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருஷமாக இவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் எல்லாம் இவருக்கு மேலே போய் உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான். எனக்கு இது வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை ஷேர் ஆட்டோவில் அவர் கம்பெனி பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பயிற்சிப் பிரிவில் வேலை.

"எக்கா, அண்ணன கொரியாவுக்கு விடமாட்டேன்னு சொல்லிட்டியளாமே?" என்றாள். "மேனேஜர்கிட்ட அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டுச்சு. திங்கக்கிழம பதில் சொல்லலேன்னா வேற ஆளப் போட்டுருவாவ."

எனக்கு முகம் எரிந்தது. சிரித்து வைத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டில் அவர் குழாயடியில் சோப்புத்தூள் போட்டுக் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தால் 'நீங்க' எல்லாம் பறந்துவிடும்.

"யாரு ஒத்துக்கல? நானா? எப்ப கேட்ட என்னைய?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கை வெளுத்த பிறகும் தேய்த்தார்.

"மெஷின்னா ஒரு நாள் நிக்கும்," என்றார் கடைசியில். "நா பாக்காத மெஷினா? இங்க நின்னா பவர ஆஃப் பண்ணிட்டு, கவர தொறந்து, கைய வுட்டுப் பாப்பேன். ஃப்ளைட்டு மேல போய் நின்னா இன்னா பண்றது? கல்லு மாதிரி வுழும். தொறந்து பாக்கறதுக்கு டைம் ஏது?"

கேலி நாக்கு நுனிவரை வந்தது. அவர் கையைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். வாளியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. லாரி அளவு மெஷினுக்குள் தோள்வரை கைவிடுகிற மனிதர். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. என் தலையில் பழியைப் போட்டாரே என்ற ஆத்திரமும் அப்படியே இருந்தது.

அந்த வாரம்தான் விளையாட்டில் ஒட்டிக்கொள்ளும் புதிய சீனரி ஒன்றை, அதாவது கீழே தெரியும் ஊர்க்காட்சியை, இணையத்திலிருந்து இறக்கி முடித்திருந்தேன். எங்கள் வீட்டு இணைப்பில் அது இறங்க இரண்டு நாள் ஆயிற்று. விளையாட்டோடு வரும் தரை பொய்த்தரை. எங்கள் பக்கத்துப் பென்னலூர் இருக்கும் இடத்தில் ஒரு பச்சைத் திட்டு, ஸ்ரீபெரும்புதூரில் யாரும் கட்டியே இராத சிவப்பு ஓட்டு வீடுகள். புதியதில் செயற்கைக்கோள் எடுத்த போட்டோவையே தரையாக விரித்திருந்தார்கள். அதை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவைப்பது என்று முடிவுசெய்தேன். தெரிந்த ஊரைப் பார்த்தால் பயம் தெளியும் என்று நினைத்தேன்.

ஞாயிறு மதியம், கோழிக் குழம்பு சாப்பிட்ட கையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

மழைமாதங்களில் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது சென்னையில் இறங்கும் விமானங்கள் எங்கள் ஊர்ப்பக்கமாக வந்துதான் தாழும். நானும் அந்த வழியிலேயே வந்தேன். வாலாஜாபாத் தாண்டியதும் கீழே எங்கள் ஊர் விரிந்தது. டோல்கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன, படம் என்பதால் நின்றது நின்றபடியே. கார் கம்பெனி யார்டில் புதுக் கார்கள் வெள்ளை வெள்ளையாக அடுக்கியிருந்தன. அவர் கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

"அது எங்க ஷெட்டு. அதோ, நீல ஷீட்டு. புதுசா மாத்துனது."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப ரெண்டு எஞ்சினையும் நிறுத்து."

"அதெல்லாம் ஒண்ணா நிக்காதுங்க."

"நிறுத்து. நின்னா இன்னா ஆவும்னு பாக்கணும். ஊர் பாக்கவா வந்தேன்?"

எஞ்சின் இல்லாமல் நான் இறக்கியதே இல்லை. அவர் கண்முன்னால் விழுந்துவிட்டால் கொரியா அதோடு முடிந்தது. மாட்டேன் என்றால் அவர் பயந்தது சரி என்று நானே ஒத்துக்கொண்டது போலாகும். இரண்டையும் நிறுத்தினேன்.

இரைச்சல் அடங்கியது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, விழப்போகிற கல்லுக்காகக் காத்திருந்தார். விமானம் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

உயரம் குறையக் குறைய எனக்குப் பதற்றம் ஏறியது. இறங்க இடம் வேண்டும். இடப்பக்கம் பிள்ளைப்பாக்கம் ஏரி காய்ந்து, பழுப்பாக, மைதானம் மாதிரிக் கிடந்தது.

"ஏரில இறக்கறேன்," என்றேன்.

"ஏரிலயா? தண்ணி கீதே."

"எங்க கீது? பாருங்க, காஞ்சி கெடக்குது."

"அது எப்பவோ வெயில் காலத்துல எடுத்த படம். நேத்து அந்தக் கரைமேலதான் வந்தேன். ஏரி ரொம்பி கலங்கல் வழிஞ்சிகினு கீது. நேரா போ, ஏர்போர்ட்டு எட்டுதா பாரு."

"எட்டாதுங்க."

"திருப்பாத, சொல்றேன்ல."

திருப்பினேன். தாழப் போனதும் படத்தின் வண்டவாளம் தெரிந்தது. முள்மரங்கள் தரையோடு தரையாகக் கறைபோல ஒட்டியிருந்தன, உயரம் எவ்வளவு என்றே பிடிபடவில்லை. பழுப்பு மண்ணில் சக்கரம் பட்டது. மண்ணிலிருந்து தண்ணீர் வெள்ளையாக எழும்பியது. திரை கறுத்தது. மேலே விரித்த படம்தான் வெயில் காலத்தது. அடியில் இருக்கும் வரைபடத்துக்கு அது ஏரி, விளையாட்டு அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் அவரையும் கொரியாவையும் சேர்த்து மூழ்கடித்துவிட்டேன். திங்கட்கிழமை அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அழுகை வந்தது.

"எஞ்சின் நின்னப்புறம் எவ்ளோ நேரம் பறந்துச்சு?" என்று கேட்டார்.

"நா எங்க பாத்தேன்? நம்ம சண்ட போட்டு முடிக்கற வரைக்கும் பறந்துச்சு."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அவ்ளோ டைம் குடுக்குதா," என்றார், தனக்குள் சொல்வதுபோல. பிறகு, "மறுபடி போடு. இந்த வாட்டி நா சொல்றத கேளு."

மறுபடி போட்டேன். அதே இடத்தில் எஞ்சினை நிறுத்தினேன். திரும்பாமல் நேராகப் போனோம். எதிரே திருநீர்மலைக் குன்று பெரிதாகிக்கொண்டே வந்தது, அதை ஒட்டித் தாண்டினோம். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தபிறகு எட்டாமல் வீடுகள் மேல் விழுந்தோம். அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் எழுந்து போகவில்லை.

"சக்கரத்த முன்னாடியே வுட்டுட்ட. அது காத்துல இழுக்குது. கடசில வுடு. பறபறக்காத."

இது அவர் கம்பெனியில் பேசுகிற குரல். வீட்டில் நான் கேட்டிராதது. மறுமுறை உயரத்தை அவர் படித்துச் சொன்னார், நான் பிடித்துக்கொண்டு போனேன். குன்று போயிற்று, வீடுகள் போயின. "இப்ப வுடு," என்றார். சக்கரத்தை விட்டேன். ஓடுபாதையின் விளிம்பில் தட்டி, குதித்து, ஓடி, நின்றது. அவர் எழுந்துபோய் டீ போட்டார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

திங்கட்கிழமை அவர் வந்ததும் வாசலிலேயே கேட்டேன், என்ன சொன்னீர்கள் என்று.

"வூட்ல ஒத்துக்கினாங்க சார்னு சொன்னேன்."

கையில் கரண்டி இருந்தது. எப்படியோ என்னை அடக்கிக்கொண்டேன்.

விசா வந்ததும் இரவு விமானத்தில் போனார். கண்ணை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்ததாக அங்கிருந்து சொன்னார். சில வாரம் கழித்து அவர் திரும்பிய காலையில் எனக்கு விடுமுறை. துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போனேன். கிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து போயின. எது அவருடையது என்று தெரியவில்லை.

ஒன்று வந்தது. சக்கரம் இன்னும் விடவில்லை. இப்போது நின்றால் எட்டுமா என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஏரி நிறைந்து கிடக்கிறது. நேராகத்தான் போகவேண்டும். குன்றைத் தாண்டவேண்டும். வீடுகளைத் தாண்டவேண்டும். எட்டாவிட்டால்? மறுபடி போடு என்று சொல்ல இங்கே ஆளில்லை, அழுத்துவதற்குப் பொத்தானும் இல்லை. அடுத்ததற்கும் அதே கணக்கு, அதற்கடுத்ததற்கும். ஈரப் புடவையை மடியில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். குழாயடியில் அவர் வாளியைப் பிடித்திருந்த விரல்கள் ஞாபகம் வந்தன. அந்தப் பயத்தை உடம்பில் வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர் ஏறிப் போயிருக்கிறார். எனக்கு அழுகை நிற்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் போனில் ஒரு படம் வந்தது. ஆடிப்போன படம். மூலையில் இறக்கை. கீழே ஏரி, கரை தொட்டு நிறைந்து, வெயிலில் பளபளவென்று. அதன் கீழே அவர் எழுதியிருந்தார்:

"நீ இறக்குன எடம். ஃபுல்லா தண்ணி. ஜன்னல் சீட்டு நானே கேட்டு வாங்குனேன்."