தாய்மாமன் சீராகப் போன பங்களா

உலகநாதன் பிறந்தது நசரத்பேட்டையில். ஆனாலும் அந்த ஊர் அவருக்கு வெளிநாடு. பதினெட்டு வயதில் சித்தப்பாவோடு கப்பலேறி சிங்கப்பூர் போய், துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கி, அங்கேயே குடியுரிமையும் வாங்கிக்கொண்டவர். சொந்தத் தங்கையைப் பார்க்க வருவதற்குக்கூட விசா வாங்கித்தான் வரவேண்டும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "டைம் கெடைக்கல" என்பார். முப்பத்தைந்து வருஷமாகவா கிடைக்கவில்லை என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அவர் இருந்தது ஒன்பதாவது மாடியில், மூன்று பேருக்கு ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஜன்னல். அதில் யாரோ எப்போதும் துணி காயப்போட்டிருப்பார்கள். அந்தத் துணிகளைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு ஒரு ஆசை வளர்ந்தது. கதவைத் திறந்தால் தண்ணீர் தெரியவேண்டும். அப்படி ஒரு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, கடைசிக் காலத்தைக் கழித்துவிட்டுப் போய்ச் சேரவேண்டும். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டதில்லை. சிகரெட்டுக்குக்கூட.

எண்பத்து நாலில் லீவில் வந்தபோது, செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. யாரோ ஒரு எஞ்சினியர் ஆசையாகக் கட்டி, பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்று பெங்களூர் போய்விட்டார். இரண்டு அறை, சிவப்பு சிமெண்ட் தரை, ஏரியைப் பார்த்து நீளமாக ஒரு வராந்தா. சுற்றுவட்டாரத்தில் எல்லாம் கூரை வீடுகளாக இருந்ததால் அதற்குப் பங்களா என்று பேர். உலகநாதன் அந்த வராந்தாவில் அரைமணி நேரம் நின்றார். பேரம்கூடப் பேசவில்லை. பத்திரம் எழுதுகிற கலியமூர்த்திக்கு அதிலேயே ஆளைப் புரிந்துவிட்டது.

"அண்ணாத்தே, நீ இப்போ வெளிநாட்டுக்காரன். உம்பேர்ல வாங்கணும்னா மேல எழுதிப்போட்டு பர்மிஷன் வாங்கணும். அது வர்றதுக்குள்ள ஏரியே வத்திப்பூடும். ஊட்டு ஆளுங்க யார் பேர்லயாவது வாங்கிப் போடு."

வீட்டு ஆள் என்றால் தங்கை பொன்னியம்மாவும் அவள் புருஷன் வேம்புலியும்தான். வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். நல்லவன்தான். சீட்டாட்டம் என்றால் மட்டும் கட்டிய வேட்டியையும் வைப்பான். அவன் பேரில் எழுதினால் வீடு ஒரு தீபாவளியைத் தாண்டாது. பொன்னியம்மா பேரில் எழுதினாலும் அவன் கையெழுத்து வாங்கிவிடுவான். ஆகவே அவர்களுடைய ஒரே பெண், பதிமூன்று வயது பேபியின் பேரில் பத்திரம் ஆனது. குழந்தை பேரில் இருந்தால் யாரும் கை வைக்கமுடியாது என்று உலகநாதன் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். அந்த யாரும் என்பதில் தானும் அடக்கம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மெஷின் ஓட்டுகிறவன் மகளுக்குப் பங்களா எப்படி வந்தது என்று ஊர் கேட்காதா, வெளிநாட்டுக்காரன் திருட்டுத்தனமாக வாங்கியிருக்கிறான் என்று எவனாவது மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு உதறல் எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே பேபி பெரியவளானாள். உலகநாதனுக்கு மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மனிதன் கொஞ்சம் படுத்துத் தூங்கிவிடுவது நல்லது.

மஞ்சள் நீராட்டுக்கு ஊரே கூடியிருந்தது. வரிசைத் தட்டுகள் வந்தன. மொய் எழுதுகிறவர் மைக்கில் ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டிருந்தார். உலகநாதன் எழுந்து போய் மைக்கைத் தன் கையில் வாங்கினார்.

"எந்தங்கச்சி மக பேபிக்கு, தாய்மாமன் சீரா, ஏரிக்கரை பங்களாவ எழுதி வெச்சிகீறேன்."

பந்தலில் விசில் பறந்தது. கிழவிகள் குலவையிட்டார்கள். பொன்னியம்மா அழுதாள், விஷயம் தெரிந்தவள்தான், இருந்தாலும் அழுதாள். வாழ்நாளில் முதல்முறையாக உலகநாதனுக்காக நாலு பேர் கை தட்டினார்கள். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவரே அதை உண்மை என்று நம்பினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மைக் கிடையாது.

பதினோரு வருஷம் போயிற்று. நடுவில் பொன்னியம்மா காமாலையில் போய்ச் சேர்ந்தாள். தகவல் கிடைத்தபோது காரியமே முடிந்திருந்தது. பேபிக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. தொண்ணூற்றைந்தில் உலகநாதன் ஓய்வுபெற்று, வாடகை அறையைக் காலிசெய்து, இரண்டு பெட்டியோடும் ஆறு மாத விசாவோடும் வந்து இறங்கினார். பிறகு நீட்டித்துக்கொள்ளலாம், நம் வீடு இருக்கிறதே என்ற தைரியம்.

நம் வீட்டில் பேபியும் அவள் புருஷன் மணவாளனும் மாமியாரும் குடியிருந்தார்கள். அவரை ராஜா மாதிரி வைத்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்லக்கூடாது. ஏரியைப் பார்த்த அறையே அவருக்கு. வருகிறவர்களிடமெல்லாம் பேபி, "எங்க மாமா, இந்த ஊட்ட சீரா குடுத்தவரு" என்று அறிமுகப்படுத்தினாள். ஒவ்வொரு முறையும் உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷன் என்று ஊரில் பேர் வந்தது.

ஒருநாள் வேம்புலியைத் தனியாகப் பிடித்தார். "மாப்ளே, ஊடு யாருதுன்னு உனக்குத் தெரியும். பொண்ணாண்ட நீதான் சொல்லணும்."

வேம்புலி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். "மச்சான், சீருன்னு மைக்ல சொன்னது நீ. அத வெச்சித்தான் மாப்ள ஊட்ல வேற எதுவும் கேக்காம கட்னாங்க. இப்ப நாம்போயி அது டூப்புன்னு சொன்னா, எம்பொண்ணு அந்த ஊட்ல எப்டி வாழும்? பொன்னி இருந்தா எதுனா ஒரு வழி சொல்லியிருப்பா. எனக்கு ஒண்ணும் தெரில."

பூந்தமல்லியில் ஒரு வக்கீலைப் பார்த்தார். அடுத்தவர் பேரில் வாங்கிவிட்டு என்னுடையது என்று கோர்ட்டுக்கு வர இப்போது சட்டம் இடம் தராது என்றார் அவர். "அது போகட்டும். சீர்னு நீங்க சொன்னதுக்கு சாட்சி யாராவது உண்டா?"

"ஊரே சாட்சி சார்" என்றார் உலகநாதன்.

மிச்சமிருந்தது ஒரே வழி. பேபியிடமே சொல்லிவிடுவது. அவள் தங்கமான பெண். சொன்னால் கொடுத்தாலும் கொடுத்துவிடுவாள். விசா முடிய ஒரு மாதம் இருக்கும்போது, அவள் காப்பி கொண்டுவந்த நேரத்தில், "பேபி, இந்த ஊடு விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மாமா" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கண்ணாலம் ஆன புதுசுல அத்த என்னாண்ட ரொம்ப ஆடுச்சி. குந்தினா குத்தம், நின்னா குத்தம். ஒருநாள் சொன்னேன், இது எங்க மாமன் எனக்குக் குடுத்த ஊடு, இங்க குந்திகினு என்னியே பேசாதன்னு. அன்னியோட அடங்கிச்சி. நீ மட்டும் குடுக்கலன்னா நான் இன்னா ஆயிருப்பனோ." பிறகு அவர் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்ல வந்த மாமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லமா. காப்பில சக்கர கம்மி" என்றார் உலகநாதன்.

அந்த இரவு அவர் தூங்கவில்லை. விடிந்ததும் மணவாளன் வந்து இன்னொன்று சொன்னான். ரோடு பக்கமெல்லாம் விலை ஏறியிருக்கிறது. கெஸ்ட் ஹவுஸ் கட்ட ஒரு பார்ட்டி பங்களாவைக் கேட்கிறார். விற்றுவிட்டு அம்பத்தூரில் லேத் பட்டறை போடலாம், ஆவடியில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

"கதவத் தொறந்தா தண்ணி தெரியற ஊடும்மா" என்றார் உலகநாதன் பேபியிடம். "வித்துட்டா திரும்ப கெடைக்குமா?"

"தண்ணிய வெச்சி இன்னா மாமா பண்றது? கொசுதான் கீது. பாம்பு வேற வருது. நீ இருக்கும்போதே அட்வான்ஸ் வாங்கிடணும். உங்கையால வாங்கினாதான் எனக்கு ராசி."

வெள்ளிக்கிழமை காலை வராந்தாவில் பாய் விரித்தார்கள். வாங்குகிற பெரியவர் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பணத்தைத் தட்டில் வைத்து நீட்டினார். தாய்மாமனுக்குத்தானே முதல் மரியாதை. உலகநாதன் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் சிங்கப்பூர்க்காரர் என்று தெரிந்ததும் பெரியவருக்குப் பேச ஆசை வந்துவிட்டது.

"நீங்களும் இந்தப் பக்கம் ஒண்ணு வாங்கிப் போடுங்க சார். முன்ன மாதிரி இல்ல. நம்மாளுங்க வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருந்தாலும், இப்பல்லாம் சொந்தப் பேர்லயே வீடு வாங்கலாம்."

பேபி சிரித்தாள். "எங்க மாமாவுக்கு எதுக்குங்க ஊடு? அவரு குடுத்தே பழக்கப்பட்டவரு."

எல்லோரும் சிரித்தார்கள். வேம்புலி மட்டும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனான். பேபியும் மணவாளனும் முன்னால் வந்து நின்றார்கள். உலகநாதன் தட்டை அவள் கையில் கொடுத்து, "நல்லா இரும்மா" என்றார்.