நின்றபின் வந்த இரத்தம்

கொடியில் காயப்போட்ட சேலையின் அடியில் ஒளிந்திருந்த துணித்துண்டுகளைத்தான் முதலில் கண்டேன். தைப்பொங்கலுக்கு மறுநாள் அது. வீட்டில் நானும் அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் மட்டுமே. நான் பாவிப்பது கடையில் வாங்கும் பாட். சின்னம்மாவுக்கோ மாதவிலக்கு நின்று மூன்று வருடங்கள்.

அது நிற்பதற்காகக் காத்திருந்தவர் அவர். மாதத்தில் சில நாள் துடக்கென்று ஒதுங்கும் பெண்ணிடம் எங்கள் கோயிலில் சாமிக்குப் பூமாலை கட்டும் பொறுப்பைக் கொடுக்கமாட்டார்கள். முதலில் மாதம் தப்பித் தப்பி வந்தது. பிறகு உடம்பு திடீரென்று தணலாகி வியர்த்துக் கொட்டியது. பிறகு ஒரு வருடம் முழுதும் ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே வெள்ளிக்கிழமைப் பூமாலைகளையும் திருவிழா மாலைகளையும் ஏற்றுக்கொண்டார்.

ஒரு வருடம் நின்றபிறகு ஒரு துளி கண்டாலும் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று கிளினிக்கில் மருத்துவமாது சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் வாய் திறக்கக் கூசி மூன்று மாதம் கடத்தினேன். துணிகள் மட்டும் கூடிக்கொண்டே வந்தன. பங்குனியில், திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கேட்டுவிட்டேன்.

“நிண்ட வண்டி திரும்ப ஓடுது. உனக்கென்னடி எரிச்சல்?” என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் குரல் இறங்கியது. “துடக்கோடை மாலை கட்டிப்போட்டன். வெளியிலை தெரிஞ்சால் கோயில் வாசலிலையும் நிக்க விடமாட்டினம்.”

“உது துடக்கில்லை, சின்னம்மா. வருத்தம்.”

மறுநாள் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு வந்தார். எப்போதிருந்து என்று டொக்டர் கேட்டார். “நேற்றுத்தான் கண்டது” என்றபடி என் முழங்கையில் நகத்தைப் பதித்தார் சின்னம்மா. டொக்டர் இளம் ஆண்பிள்ளை. பக்கத்தில் இரண்டு தாதிமார். நான் சின்னம்மாவின் கையை விலக்கினேன்.

“இல்லை டொக்டர். தையிலை இருந்து.”

பரிசோதனை முடிவு வரும்வரை சின்னம்மா என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். கருப்பையில் புற்றுநோய் தொடங்கியிருந்தது. வேறிடம் பரவவில்லை என்று சொல்லிக் கருப்பையை எடுத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் பரவியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

இப்போது எனக்கும் மாதவிலக்கு நிற்கும் வயது; மாதம் தப்புகிறது. போன கிழமை அச்சுவேலிச் சந்தையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற சனத்தின் நடுவில் சின்னம்மா திரும்பிக் கேட்டார்.

“எடியே, உனக்கு எத்தினை மாசமாய் வரேல்லை?”

வியாபாரி தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முகம் எரிந்தது.

“நாலு மாசம், சின்னம்மா” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.