ஸ்கேன் படத்துக்குப் பிறகு வந்த பாசம்

ஐந்து வயது வரை மீலாவின் வாய் ஓயாது. அப்புறம் சொற்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. போர்ட் லிங்கன் என்ற கடலோர ஊரில் சிப்பிக் கொட்டகையில் வேலை பார்த்த அவள் அம்மா டானிட்சாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவன் யோசோ சூரைமீன் படகில் போனால் எப்போது திரும்புவான் என்றே தெரியாது.

யோசோவின் அண்ணன் ஸ்லாவ்கோவுக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. மீலாவுக்குப் பின்னால் போய் நின்று பாத்திர மூடியைக் கரண்டியால் ஓங்கி அடித்தான். குழந்தை துள்ளி விழுந்து அழுதது.

"பாத்தியா? காது நல்லாத்தான் கேக்குது. எல்லாம் திமிரு. நீ குடுத்த செல்லம்."

அவன் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த இறைச்சித் துணுக்கைப் பார்க்கச் சகிக்காமல் டானிட்சா மகளை வாரிக்கொண்டு நகர்ந்தாள். ஊர் ஆஸ்பத்திரியில் மீலாவின் தலைக்கு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், அதையும் அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஒருநாள் தூக்கத்தில் மீலாவின் வாயோரம் வெட்டி வெட்டி இழுத்தது. டானிட்சா அவளை அடிலெய்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே தலை முழுக்க ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள்.

"இது வலிப்புல ஒரு வகை," என்றார் டாக்டர் ஹெலன். "தூங்கினா மூளையில மின்சாரம் ஓயாம வெட்டுது. சத்தம் கேக்குது, ஆனா அதைப் பேச்சாப் புரிஞ்சுக்க முடியல."

"அப்போ அந்த ஸ்கேன்?"

"சும்மா பாத்தா தெரியாது. அளந்து, இதே வயசுப் பிள்ளைங்களோட ஒப்பிட்டோம். இடது காதுக்கு மேல இருக்கற மடிப்பு மெலிசா இருக்கு. நோயால அப்படி ஆச்சா, முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சான்னு எங்களுக்கும் தெரியல."

கரை திரும்பிய யோசோ, அந்த மடிப்பைக் குறித்துக் காட்டிய ஸ்கேன் படத்தை அண்ணனுக்கு அனுப்பிவைத்தான். அடுத்த ஞாயிறு தன் வீட்டில் நடந்த விருந்தில் ஸ்லாவ்கோ கொழுப்பு வழியும் விரலால் போனைத் தேய்த்துத் தேய்த்து எல்லோருக்கும் காட்டினான்.

"பாவம் புள்ள! தலையிலதான் ஏதோன்னு நான் அப்பவே சொன்னேனே."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி மீலாவின் தலையைத் தடவ வந்தாள்.

"தொடாதே!" டானிட்சா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "வருஷம் பூரா உங்க கண்ணு முன்னாலதானே நின்னா? அப்போ தெரியலையா? படத்துலதான் தெரிஞ்சுதா? த்தூ!"

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

மருந்தில் மீலாவின் முகம் உப்பியது. மாதங்கள் போய்ச் சில சொற்கள் திரும்பின, பல திரும்பவில்லை. மூவரும் சைகைமொழி படித்தார்கள். வலையிழுத்துத் தடித்த யோசோவின் விரல்கள் தப்புத் தப்பாய் வளைய, மீலா சிரித்தாள்.

"அண்ணன் ரொம்ப வருத்தப்படறான், டானி. ஒரு தடவை போயிட்டு வருவமே."

"அந்த வீட்டு வாசனையே எனக்கு ஆகல. நீ வேணா போ."

யோசோ மட்டும் போய்வந்தான்.