மூன்று பந்துகள்

எங்கள் சித்தப்பா ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஊர்ப் பெயரை மூச்சு விடாமல் பத்துத் தடவை கூவி ஆள் சேர்ப்பார். அவர் கூவுவதைக் கேட்டு, ஐயம்பேட்டையில் ஒரு வேலையும் இல்லாதவர்கள்கூட ஏறிவிடுவார்கள் என்று அப்பா கேலி செய்வார். ஆட்டோ கவிழ்ந்து தலையில் அடிபட்ட பிறகு அந்த மூச்சை அவர் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

மருத்துவமனையிலிருந்து செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு வலப்பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. கூடவே ஒரு பிளாஸ்டிக் கருவி வந்தது. மூன்று அறை, மூன்று பந்து, ஒரு குழாய். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். இழுக்காவிட்டால் நெஞ்சில் சளி கட்டி உயிருக்கே ஆபத்து என்று பிசியோதெரபி அண்ணன் சொல்லியிருந்தார். காலையில் சித்தி பார்த்துக்கொள்வாள். அவள் பட்டுச் சேலைக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவதால் மாலையில் பத்துத் தடவை எண்ணுவது என் பொறுப்பு. எனக்கு ஒன்பது வயது. பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்ட நினைப்பு.

முதல் பந்து பாதி எழுவதற்குள் அவர் முகம் கோணி, கண்ணில் நீர் கட்டும். பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கருவியைத் தலைகீழாகப் பிடித்து, மூச்சை இழுக்காமல் வெளியே ஊதிப் பார்த்தேன். மூன்று பந்துகளும் சுலபமாக எழுந்தன. அப்படியே அவர் வாயில் வைத்தேன். சித்தப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஊதினார்.

அன்று வீடே சிரித்தது. சித்திக்கும் அப்படிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். மறுநாளே அவள் வரதர் கோயிலுக்குப் போனாள். அங்கே உள்ள தங்கப் பல்லியைத் தொட்டால் பீடை விலகும்; வர முடியாதவர்களுக்கு, தொட்டவர் கை பட்டாலே போதும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தொட்ட கையை எதிலும் படாமல் டவுன் பஸ்ஸில் ஏந்திக்கொண்டே வந்து அவர் நெஞ்சில் வைத்தாள்.

"மூணும் ஏறிடுச்சு மாமா. இனிமே உனுக்கு ஒண்ணுமில்ல."

இரண்டு வாரம் கழித்து வந்த பிசியோதெரபி அண்ணன் கருவியை நேராகத் திருப்பி அவர் வாயில் வைத்து இழுக்கச் சொன்னார். ஒரு பந்துகூட அசையவில்லை.

"யாரும்மா இத்தத் தலைகீழா புடிச்சுக்கினு இருந்தது?"

நான் பீரோ ஓரமாக ஒதுங்கினேன். சித்தி என் பக்கம் திரும்பினாள். அதற்குள் சித்தப்பா இடது கையை மெல்லத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அந்த வாரமே காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பந்துகள் மட்டும் காரணமில்லை என்று அந்த அண்ணன் பிற்பாடு எங்களிடம் சொன்னார். இன்றுவரை அதை நம்பத்தான் பார்க்கிறேன்.

ஆனால் அவர் தன் நெஞ்சைத் தொட்டபோது, பீரோ ஓரத்தில் நின்று நான் நினைத்தது இதுதான்: பாவம், சித்தப்பாவுக்கு இன்னும் தலை சரியாகவில்லை. திருப்பிப் பிடித்தது நான் என்பதுகூட மறந்துவிட்டது.