பாதி காணாமல்போன வள்ளம்

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுக்கும் தொழிலில் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, "சும்மாவா?", அடுத்தது, "சும்மான்னா ஒழுங்கா ஓடுமா?"

வெளிநாட்டு வேலையை விட்டு ஊர் திரும்பி, தூத்துக்குடியில் சின்னதாய் ஒரு கடை வைத்திருக்கிறேன். அப்டேட் கொடுத்துவிட்டு, கறுத்த திரையில் தெரியும் சொந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இது நமக்குள் பேசிக்கொள்வதுதான்.

கைவிட்ட கம்பெனி

திரேஸ்புரம் லூர்து, மீன்பிடிப் படகான ஃபைபர் வள்ளம் கட்டும் பட்டறைகளில் பல வருஷம் வேலை பார்த்தவர். தனியாகத் தொழில் தொடங்க, ஒரு வள்ளத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்திருந்தார். புது வள்ளம் வாங்க நினைக்கும் அவருடைய சேவியர் மாமா, ஞாயிறு பூசை முடிந்ததும் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அதுதான் முதல் ஆர்டர். அந்த வாரம் பார்த்து, அப்டேட்டுக்குப் பிறகு படம் நகர மறுக்க, என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

அவருடைய கிராபிக்ஸ் கார்டு அரதப்பழசு. அதை லினக்ஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரை, கார்டைச் செய்த கம்பெனியே கைகழுவிவிட்டது. உதவி எண்ணில் பாட்டு மட்டும் ஓடியது. அந்தப் பெட்டியில் புதுக் கார்டும் பொருந்தாது. ஆர்வமுள்ளவர்கள் கூடி எழுதிய திறந்த மூல டிரைவர் ஒன்று இருக்கிறது என்றேன். லூர்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருன்னே தெரியாதவன் எழுதுனதுக்கு யாரு அண்ணாச்சி பொறுப்பு?"

ஒரு பக்கம் கடல்

வேறு வழியில்லாமல் சம்மதித்தார். புது டிரைவரில் படம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நான் பெருமையாக நிமிர்வதற்குள் வள்ளம் திரும்பியது. அதன் வலது பக்கத்தைக் காணோம். கார்டின் உதவியே இல்லாமல் காட்டினால் இரண்டு பக்கமும் தெரிந்தது. ஆக, வரைபடத்தில் பழுதில்லை, டிரைவரில்தான். ஆனால் அப்படி ஒருமுறை திருப்புவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். மாமாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாதாம்.

லூர்துவின் மனைவி மெர்சி எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் தண்ணி ஏறாம யாரு தடுப்பா, மாதாவான்னு மாமா கேப்பாவ. என்ன சொல்லப்போறிய?"

இல்லாத கார்டு

இந்த டிரைவர்க்காரர்கள் குறைகளை ஊரறியக் கேட்டு, ஊரறியவே திருத்துகிறவர்கள். கார்டின் விவரத்தையும் பாதி வள்ளத்தின் படத்தையும் அவர்களுக்கு அனுப்பினேன். மறுநாளே ஒருவர் பதில் எழுதினார். எந்த நாட்டுக்காரரோ தெரியாது. அவரிடம் அந்தக் கார்டே இல்லையாம். "நான் திருத்தி அனுப்புகிறேன், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

முதல் திருத்தத்தில் வள்ளம் முழுசாக மறைந்தது. அடுத்ததில் இரண்டு பக்கமும் வந்தது, நடுவில் பொத்தலோடு. மனிதர் சலித்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவரே மன்னிப்புக் கேட்டார். கண்ணால் காணாத கார்டுக்கு, நம் சொல்லை நம்பி இப்படி மெனக்கெடுகிற ஒருவரை என் உத்தியோக காலம் முழுக்க நான் சந்தித்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வந்த திருத்தத்தில் வள்ளம் பழுதில்லாமல் சுற்றியது. சோதித்தவர் பெயரைத் திருத்தத்தோடு பதிவது அவர்கள் வழக்கம். என்ன பெயர் போடட்டும் என்று கேட்டார். லூர்து பெயரைக் கொடுத்தேன். லூர்து வேறு கவலையில் இருந்தார்.

"உள்ளூர்க்காரர்னா ஒரு சீலா மீனு குடுத்து விடலாம். இவருக்கு என்னத்த அண்ணாச்சி அனுப்ப?"

மாமாவின் மவுஸ்

திரை கறுத்தால் காப்பாற்ற, ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். சேவியர் மாமா மவுஸைப் பிடித்து, வள்ளத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முன்முனையான அணியத்தில் நிறுத்தி, "இத இன்னும் தூக்கணும்லே, அல உள்ள வந்துரும்" என்றார். லூர்து அங்கேயே இழுத்து உயர்த்திக் காட்டினார். திரை இம்மியும் தடுமாறவில்லை. நான்தான் மூச்சுவிட மறந்திருந்தேன்.

"செரி" என்று மாமா தலையாட்டியதும், லூர்து சந்தோஷத்தில் திருத்தத்தோடு பதிந்திருந்த தன் பெயரைக் காட்டி, நடந்த கதை முழுவதையும் சொன்னார். மாமா கேட்டுவிட்டு எழுந்தார்.

"ஏலே, நல்ல வழக்கமால்லா இருக்கு! நீ கட்டுத வள்ளம் ஒழுகுச்சுன்னா நானும் இப்படித்தான் ஊரறிய எழுதிப் போடுவேன், நீயும் மன்னிப்புக் கேட்டுத் திருத்தணும். நாளைக்கே வேலைய ஆரம்பி."

யார் பொறுப்பு என்று கேட்ட லூர்துவின் பெயரே இப்போது அந்தப் பொறுப்பில் சேர்ந்துவிட்டது. கம்பெனியின் உதவி எண்ணில் மட்டும் பாட்டு இன்னும் முடிந்தபாடில்லை.