சரோஜாவின் இட்லிப்பூச் செடிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தாவர நோய்களைக் கண்டறியும் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். கும்மிடிப்பூண்டியில் சரோஜா என்ற பெண், புதிதாக வரவிருந்த ஒரு தொழிற்சாலையின் முன்தோட்டத்துக்காக முந்நூறு இட்லிப்பூச் செடிகள் வளர்த்திருந்தார். இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழவே, என்னைப் பார்த்துவர அனுப்பினார்கள்.

பார்த்ததும், "பூஞ்சை நோய். பரவும். எல்லாத்தையும் கொளுத்திடுங்க" என்றேன்.

"செங்கல் சூளப் பக்கம் கீற செடிங்கதான் சார் இப்பிடி ஆவுது. பொகையா இருக்குமோ? நல்லா பாத்து சொல்லு சார்" என்று கெஞ்சினார்.

எனக்குச் சென்னை ரயிலைப் பிடிக்கும் அவசரம். "படிச்சவன் சொல்றேன்ல?" என்று அதட்டிவிட்டு, கடமைக்கு நாலு இலைகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டேன். நான் கிளம்பும்போதே அவர் செடிகளைப் பிடுங்கத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தேன். அந்த இலைகளில் ஒரு பூஞ்சை வித்துகூட இல்லை. ஈரத்தில் வைத்து மூன்று நாள் காத்திருந்தும் எதுவும் வளரவில்லை. அவர் சொன்னதுபோலச் சூளைப் புகைதான் இலைகளைச் சுட்டிருந்தது.

அதைப் போய்ச் சொல்லும் துணிவு வர எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தொழிற்சாலைக்காரர்கள் அதற்குள் வேறு இடத்தில் செடிகள் வாங்கிவிட்டார்கள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவர் திட்டவில்லை. "பாத்துட்டு சொல்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் காத்துகினு இருந்திருப்பேனே சார்" என்றார்.

அதன்பின் எத்தனையோ இலைகளைப் பரிசோதித்தேன். முடிவு தெரியும்வரை வாய் திறந்ததில்லை. உடன் வேலை செய்தவர்கள் என்னைப் பொறுமைசாலி என்று புகழ்வார்கள். அப்போதெல்லாம் கூசிப்போய்த் தலை குனிந்துகொள்வேன்.