கொடியில் காய்ந்த சீருடை

என் அண்ணன் மகள் ராணுவத்தில் சிப்பாய். விடுமுறைக்கு வரும்போது ரயிலிலிருந்து எனக்குப் போன் செய்தாள். மேலதிகாரி ஒருவர், ஸ்டோர் அறையில், கதவைத் தாழிட்டு. நான்கு வாக்கியங்களில் சொல்லி முடித்தாள். முகாம் மருத்துவர் அந்த ஆளுக்கு நெருங்கியவர் என்பதால் அங்கே போகவில்லை.

கோர்ட் செய்திகள் எழுதியே காலம் கழித்தவள் நான். "அன்னிக்குப் போட்டிருந்த யூனிஃபார்மைத் துவைக்காத. பேப்பர்ல சுத்தி வை. வக்கீலோட வரேன்" என்றேன்.

"அம்மாவுக்குத் தெரிய வேணாம் அத்த."

ஒப்புக்கொண்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் அவர்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள். பயணத் துணியின் அழுக்கு பட்டில் பட்டால் புடவை பாழ். அதனால் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பை வாசலிலேயே காலியாகும், துணியெல்லாம் நேராக வாளிக்குப் போகும். நான் பிறந்து வளர்ந்த வீடு அது. ஆனாலும் போனில் பேசியபோது இது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு வக்கீலோடு போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பட்டாளத்துல சோப்பே தர மாட்டாங்க போல. அழுக்குத் துணிய பேப்பர்ல சுத்தி, பொக்கிஷம் மாதிரி எடுத்துக்கினு வந்திருக்குது உன் மருமக. ரெண்டு தடவ ஊற வெச்சேன். தோள்ல கிழிஞ்சிருந்துது, அதையும் தெச்சிட்டேன்."

தையலைத் தேடிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. அறுந்த பட்டு இழையை நாளெல்லாம் முடிந்து பழகிய கை.

வக்கீல் என்னைத் தனியே அழைத்து, "வேற என்ன இருக்குது மேடம்?" என்றார். வேறு ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்டு அவள் எழுந்து வந்தாள். கொடியைப் பார்த்தாள். சட்டையின் தோளைத் தொட்டுத் தடவினாள்.

"நல்லா தெச்சிருக்கம்மா" என்றாள்.

புகாரை எழுதினோம். அது எங்கெங்கோ போய் அவள் முகாமுக்கே விசாரணைக்குத் திரும்பியது. மூன்று அதிகாரிகள் விசாரித்தார்கள். மருத்துவச் சான்று கேட்டார்கள், துணியைக் கேட்டார்கள். போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். அவள் கேட்ட இடமாற்றமும் கிடைக்கவில்லை.

அண்ணிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. என்னால் சொல்ல முடியவில்லை.

போன வாரம் அவள் முகாமிலிருந்து போன் செய்தாள். "அவரு இங்கயேதான் இருக்காரு அத்த. காலையில எதிர்ல வந்தா நான்தான் சல்யூட் அடிக்கணும்."

"லீவு போட்டுட்டு வாம்மா."

"லீவு பேப்பர்ல கையெழுத்து போடறதே அவருதான்."